சதுரக் குறியைப் பிழையின்றிப் படிக்கும்படி அமைக்கும் முறை

களத்தில் நெல்லைத் தூற்றிப் பொலி குவித்தபின், அளவு முடியும் வரையில் அதன்மேல் சாம்பலாலோ சாணிப்பாலாலோ குறியிட்டு வைப்பது நமது முன்னோர் வழக்கம். இரவில் எவரேனும் பொலியில் கைவைத்தால் குறி கலைந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அக்குறிக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஒன்று, பார்ப்பவன் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிதல் வேண்டும். மற்றொன்று, அது யார் இட்ட குறி என்பதில் ஐயம் இருத்தலாகாது. இவ்விரண்டில் எது குறைந்தாலும் குறியிட்டதனால் பிரயோஜனமில்லை.

இக்காலத்தில் விதைப் பையிலும், இணையவழி பெறும் பட்டா நகலிலும், கடையில் பணம் வாங்கும் இடத்திலும் ‘கியூஆர் கோடு’ என்று வழங்கும் சதுரக் குறி ஒன்று காணப்படுகிறது. கைப்பேசியின் காமிராவை அதன்முன் காட்டினால் அதனுள் எழுதப்பட்ட செய்தியோ இணைய முகவரியோ திரையில் தோன்றும். இதுகாறும் பிறர் அச்சிட்ட குறியைப் படிப்பவர்களாக மட்டும் இருந்த குடியானவர்கள், இப்பொழுது தங்கள் அரிசிப் பைக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் தாங்களே குறி அமைத்துக்கொள்ள முற்பட்டிருக்கின்றனர். கிராம அதிகாரிகளும் அறிவிப்புப் பலகைகளில் இதனை உபயோகிக்கின்றனர். குறியை உண்டாக்குதல் சில நிமிஷ வேலை, செலவும் இல்லை. ஆயினும் அது பையிலும் பலகையிலும் திரையிலும் தவறாமல் படிக்கப்படுமாறு அமைத்தல் வேறு விஷயம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவொற்றியூரில் கண்ட ஒரு நஷ்டம்

பொன்னேரித் தாலுகாவைச் சேர்ந்த மிராசுதார் ஒருவர், தாம் விளைவித்த பாரம்பரிய நெல்லை அரிசியாக்கி, இடைத்தரகர் இல்லாமல் திருவொற்றியூர்க் கடைகளில் விற்க எண்ணினார். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் இழைப் பைகள் 500 வாங்கி, அவற்றின்மேல் இளம்பச்சை மையில் தமது அடையாளத்தையும் ஒரு சதுரக் குறியையும் அச்சிடுவித்தார். நெல்லின் ரகம், ஊர், பயிரிட்ட முறை ஆகிய விவரங்கள் தமிழிலேயே குறிக்குள் எழுதப்பட்டிருந்தன. குறியின் பக்கம் 3 சென்டிமீட்டர். அழகு கருதி அதன் நடுவில் ஒரு நெற்கதிர்ச் சின்னம். சுற்றிலும் குறியைத் தொட்டுக்கொண்டே ஒரு பூவேலைக் கட்டம்.

அச்சகத்தின் கணினித் திரையில் பார்த்தபொழுது குறி உடனே படித்தது. ஆகவே அவர் சம்மதித்தார். பைகள் திருவொற்றியூருக்கு வந்தபின், கடைக்காரரின் கைப்பேசியும் படிக்கவில்லை. வாங்க வந்தவர்களின் கைப்பேசியும் படிக்கவில்லை. ‘குறி படிக்காத பையில் உள்ள அரிசி, சொன்ன அரிசிதானா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டார். நம்பிக்கையை உண்டாக்குதற்கென்று இட்ட குறி சந்தேகத்தை உண்டாக்கிவிட்டது. அரிசியில் யாதொரு குற்றமும் இல்லை. முடிவில் ஒவ்வொரு பையிலும் வெள்ளைக் காகித ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்க வேண்டியதாயிற்று.

நான் அப்பைகளில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குற்றங்கள் ஐந்து: செய்தி நீளம், அளவு சிறிது, வெற்று விளிம்பு இல்லை, நிறம் பொருந்தவில்லை, சோதனை செய்த இடம் வேறு, படிக்கப்படும் இடம் வேறு. இவ்வைந்தையும் விளங்கிக்கொள்ள, குறியின் அமைப்பை முதலில் அறிதல் அவசியம்.

குறியின் வரலாறும் அமைப்பும்

இக்குறி 1994-ஆம் வருஷத்தில் ஜப்பானில், மோட்டார் உறுப்புக்கள் செய்யும் டென்ஸோ நிறுவனத்தின் குழுமத்தில், மஸாஹிரோ ஹாரா என்னும் பொறியியல் வல்லுநரும் அவருடைய சகாக்களும் வகுத்தது. தொழிற்சாலையில் உறுப்புப் பெட்டிகளைக் கணக்கிட அதற்குமுன் நீளக் கோட்டுக் குறிகளே இருந்தன. அவற்றில் சுமார் 20 எழுத்துக்களே அடங்குமாகையால், ஒரே பெட்டியில் பல குறிகளை ஒட்டி ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டியிருந்தது. இக்கஷ்டத்தைத் தீர்க்கவே நீளத்திலும் அகலத்திலும் செய்தியைத் தாங்கும் சதுரக் குறி தோன்றிற்று. காப்புரிமை இருந்தும், விதிப்படி உபயோகிப்போரிடம் அந்நிறுவனம் கட்டணம் கேட்கவில்லை. 2000-ஆம் வருஷத்தில் இது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையினால் பெயர்பெற்ற திருவொற்றியூர் வாசிகளுக்கு, மோட்டார் உறுப்புப் பெட்டியின் தேவையிலிருந்து இக்குறி பிறந்தது என்பது வியப்பாயிராது.

குறியை உற்று நோக்கினால், பயிர் நட்ட பாத்திகளைப் போல் கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்கள் வரிசையாக அமைந்திருத்தல் புலனாகும். மிகச் சிறிய குறியில் பக்கத்திற்கு 21 கட்டங்கள். செய்தி மிகுந்தோறும் பக்கத்திற்கு நந்நான்கு கட்டங்களாகக் கூடி, 40-ஆம் வகையில் 177 கட்டங்களாகும்.

மூன்று மூலைகளில் பெரிய சதுரக் கண்கள் உள்ளன. அவற்றின் நடுவே எத்திசையில் கோடு கிழித்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பவை 1:1:3:1:1 என்னும் விகிதத்தில் அமையும். சாதாரண அச்சுத் தாள்களில் மிக அரிதாகக் காணப்படும் விகிதம் எது என்று ஆராய்ந்து இதனைத் தேர்ந்தெடுத்தனர். இக்கண்களைக் கொண்டே கைப்பேசியானது குறி எங்கே இருக்கிறது, எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அறிகிறது. ஆகவே மூலைக் கண் ஒன்று மறைந்தால், மற்றக் கட்டங்கள் யாவும் செவ்வையாக இருப்பினும் குறி பெரும்பாலும் படிக்கப்படாது. நான்கு மூலைகளையும் நாட்டியபின்னரே வயலை அளக்கும் நில அளவையாளருக்கு இது எளிதில் விளங்கும்.

குறிக்குப் பிழை திருத்தும் சக்தியும் உண்டு. செய்தியோடு அதிகப்படியான கணக்குக் கட்டங்களைச் சேர்த்து எழுதுவதனால், குறியின் ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சியதைக் கொண்டு முழுச் செய்தியையும் மீட்கலாம். இதற்கு நான்கு படிகள் உண்டு. ‘எல்’ படியில் சுமார் 7 சதவிகிதமும், ‘எம்’ படியில் 15-ம், ‘கியூ’ படியில் 25-ம், ‘எச்’ படியில் 30-ம் சேதம் தாங்கும். சக்தி கூடக்கூடக் கட்டங்களும் கூடும் என்பதை மறத்தலாகாது.

முதல் விதி: குறைவாக எழுதுக

குறிக்குள் எவ்வளவு எழுதுகிறோமோ அவ்வளவுக்குக் கட்டங்கள் பெருகும். அச்சிடும் இடம் பெருகாதாகையால் ஒவ்வொரு கட்டமும் சிறுத்துப்போம். தமிழில் எழுதுவோர் இதனை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். கணினியின் கணக்கில் ‘தி’ என்னும் ஓரெழுத்து, தகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறிகளாகும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ‘திருவொற்றியூர்’ என்பது நம் கண்ணுக்கு ஏழெழுத்து. கணினிக்கு 14 குறிகள், அதாவது 42 பைட். 29 கட்டப் பக்கமுள்ள குறியில் ‘எம்’ படியில் கொள்ளும் இடம் முழுவதும் இந்த ஊர்ப்பெயர் ஒன்றினாலேயே நிரம்பிவிடும். அதே பெயரை இங்கிலீஷ்ப் பெரிய எழுத்துக்களில் எழுதினால் 12 எழுத்துக்களே. 21 கட்டக் குறியில் அடங்கிவிடும்.

இதனால் தமிழைக் கைவிட வேண்டுமென்பதில்லை. விவரங்களைத் தமிழில் இணையப் பக்கத்தில் விரிவாக எழுதி, அப்பக்கத்தின் குறுகிய முகவரியை மாத்திரம் குறிக்குள் வைத்தல் வேண்டும். நமது மிராசுதாரின் பையில் சுமார் 100 தமிழ்க் குறிகள், அதாவது ஏறக்குறைய 300 பைட் இருந்தன. அதற்கு ‘எம்’ படியில் பக்கத்திற்கு 69 கட்டங்கள் வேண்டியிருந்தன. 40 எழுத்துள்ள ஓர் இணைய முகவரிக்கு அதே படியில் 29 கட்டங்களே போதும்.

முகவரி முழுவதையும் இங்கிலீஷ்ப் பெரிய எழுத்துக்களிலேயே எழுதினால் இன்னும் இடம் சுருங்கும். ஆனால் முகவரியில் தளத்தின் பெயருக்குப்பின் வரும் பகுதியைச் சில தளங்கள் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று வேறுபடுத்திப் பார்க்குமாகையால், சோதியாமல் மாற்றலாகாது.

இரண்டாம் விதி: பெரிதாக அச்சிட்டு, ஓரம் விடுக

குறியின் நான்கு புறமும் குறைந்தது நான்கு கட்ட அகலத்திற்கு யாதொன்றும் அச்சிடாத வெற்று விளிம்பு இருத்தல் வேண்டும் என்பது தரத்தின் விதி. வயலுக்கு வரப்பு எப்படியோ, குறிக்கு வெற்று விளிம்பு அப்படி. விளிம்பில் பூவேலையோ எழுத்தோ தையலோ புகுந்தால், குறி எங்கே தொடங்குகிறது என்பது கருவிக்குத் தெரியாது. மேற்படி பையில் பூவேலைக் கட்டம் குறியைத் தொட்டுக்கொண்டிருந்தது இரண்டாவது பெருங்குற்றம்.

அளவை நிர்ணயிக்க ஒரு வாய்ப்பாடு உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கவேண்டுமோ, அதில் பத்தில் ஒரு பங்கேனும் குறியின் பக்கம் இருத்தல் நன்று. கையில் எடுத்துப் பார்க்கும் சீட்டுக்கு 3 சென்டிமீட்டர் போதுமானது. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்கும் கிராம அறிவிப்புப் பலகைக்கு 10 சென்டிமீட்டர் வேண்டும். 3 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கவேண்டிய குறிக்கு 30 சென்டிமீட்டர் தேவை. கட்டங்கள் நெருங்கிய குறியாயின் இதற்கும் மேற்பட்ட அளவு வேண்டும்.

சாக்கில் அச்சிடும்பொழுது தூரம் மட்டுமன்றி மையும் கவனிக்கத்தக்கது. காகிதத்தைப் போலன்றி நெய்த பையின்மேல் மை பரவும். இழைகளின் இடுக்கில் விட்டுவிட்டும் படியும். ஆகையால் கட்டம் ஒன்றுக்கு 2 மில்லிமீட்டர் அகலம் வைத்துக்கொள்ளுதல் உத்தமம். 40 எழுத்து முகவரிக்கு ‘எம்’ படியில் 29 கட்டங்களும், இருபுற விளிம்புக்கு 8 கட்டங்களும் சேர்த்து 37 ஆகும். இதனை இரண்டால் பெருக்க, 74 மில்லிமீட்டர் வருகிறது. ஓர் உள்ளங்கை அகலத்திற்குச் சற்றே குறைவான இடம் இது. 25 கிலோ பையில் இதற்கு இடமில்லையென்று சொல்வதற்கில்லை. மிராசுதாரின் பையிலோ 3 சென்டிமீட்டருக்குள் 69 கட்டங்கள் நெருங்கியிருந்தன. ஒரு கட்டத்தின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மை சிறிது பரவியதும் வெள்ளைக் கட்டங்கள் யாவும் அடைபட்டுப் போயின.

பிழை திருத்தும் படியைத் தேர்ந்தெடுப்பதிலும் இக்கணக்கே வழிகாட்டும். அதே முகவரியை ‘கியூ’ படியில் எழுதினால் 33 கட்டங்களும், ‘எச்’ படியில் எழுதினால் 37 கட்டங்களும் ஆகும். 74 மில்லிமீட்டர் இடத்தில் கட்டத்தின் அகலம் முறையே சுமார் 1.8 மில்லிமீட்டராகவும் 1.6 மில்லிமீட்டராகவும் குறையும். தூசியும் உரசலும் படும் சாக்கிற்கு ‘கியூ’ படி நடுத்தரமானது. சுத்தமான காகிதத்திற்கும் திரைக்கும் ‘எம்’ படியே போதும். எப்பொழுதும் உச்சப்படியே சிறந்தது என்று கருதுவது தவறு.

மூன்றாம் விதி: நிறமும் அலங்காரமும் அளவோடு

கருவி பார்ப்பது நிறத்தையன்று. இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேற்றுமையையே. வெள்ளையின்மேல் கறுப்பு எப்பொழுதும் உத்தமம். கரும்பச்சை, கருநீலம், அடர்பழுப்பு ஆகியவை மத்திமம். மஞ்சளின்மேல் இளம்பச்சை அதமம். நமது கண்ணுக்கு அவை இரண்டு நிறமாயிருப்பினும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றே. சிவப்பு மையையும் தவிர்த்தல் நலம். கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள சில கருவிகள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படிக்கின்றன. அவ்வொளியில் சிவப்பு மை வெள்ளையாகவே தோன்றும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாகத் தலைகீழாக அச்சிட்ட குறியையும் எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை. பையின் நிறத்தை மாற்ற இயலாவிடில், முதலில் ஒரு வெள்ளைச் சதுரத்தை அச்சிட்டு அதன்மேல் கறுப்பில் குறியை இடவேண்டும்.

நடுவில் சின்னம் வைக்க விரும்புவோர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். சின்னம் மறைக்கும் கட்டங்கள் யாவும் கருவியின் கணக்கில் சேதமே. சேறும் தூசியும் படும்பொழுது உதவுவதற்கென்று சேமித்துவைத்த சக்தியை நாமே முன்கூட்டிச் செலவழித்துவிடுகிறோம். பஞ்சகாலத்திற்கென்று குதிரில் வைத்த நெல்லைத் திருவிழாவில் இறைப்பது போன்றதே இது. சின்னம் இன்றியமையாததாயின் ‘எச்’ படியில் குறியை அமைத்து, சின்னத்தை மிகச் சிறிதாக வைத்து, மூலைக் கண்களைத் தொடாமல் விடுக. சின்னத்தைக் குறிக்கு வெளியே பக்கத்தில் அச்சிடுதல் அதனினும் நன்று.

இடமும் முக்கியமானது. பை நிரம்பினால் ஓரங்கள் வளையும். வாய் தைத்தால் மேற்பகுதி சுருங்கும். ஆகவே பையின் முகப்பில் நடுப்பாகமே தகுந்தது. உருண்டைக் குப்பியில் அகலமான குறி இருபுறமும் வளைந்து மறைந்துபோகும். அங்குச் செய்தியைச் சுருக்கிச் சிறிய குறி அமைக்கவேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடற்கரைப் பிரதேசங்களில் உப்புக்காற்றும், கண்டெயினர் லாரிகள் எழுப்பும் தூசியும், வெயிலும் சேர்ந்து வெளியில் வைத்த அச்சை விரைவில் மங்கச் செய்யும். அத்தகைய இடங்களில் குறியை நிழலான பக்கத்தில் வைத்து, பளபளப்பில்லாத மேலுறையிட வேண்டும். பளபளக்கும் உறையில் சூரிய ஒளி பட்டுத் தெறித்தால் அவ்விடத்திலுள்ள கட்டங்கள் காமிராவுக்குத் தெரியா.

நான்காம் விதி: திரைக்கு வேறு ஜாக்கிரதை

ஒரே குறி தாளிலும் திரையிலும் படிக்கப்படுவதைத் திருவொற்றியூர் வாசிகள் தினந்தோறும் காணலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் பாதை 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்நிலையங்களில் ஒருவர் காகிதச் சீட்டிலுள்ள குறியையும், அடுத்தவர் கைப்பேசித் திரையிலுள்ள குறியையும் வாயிற் கருவியில் காட்டி உட்செல்கின்றனர். அங்கே தூரமும் ஒளியும் கருவியும் ஒரே நிலையில் இருக்குமாறு நிலையத்தார் அமைத்திருக்கின்றனர். நமது பைக்கும் பலகைக்கும் அத்தகைய உதவி இல்லை. ஏதோ ஒரு கைப்பேசி, ஏதோ ஒரு வெளிச்சம், நடுங்கும் ஒரு கை. ஆகையால் நமது குறி மெட்ரோச் சீட்டின் குறியைக்காட்டிலும் தெளிவாயிருத்தல் வேண்டும்.

குறியைக் கணினியில் சேமிக்கும்பொழுது, அச்சுக்கு ‘எஸ்விஜி’ அல்லது ‘பிடிஎஃப்’ வடிவிலும், திரைக்கு ‘பிஎன்ஜி’ வடிவிலும் எடுக்கவேண்டும். முதலிரண்டும் எவ்வளவு பெரிதாக்கினும் ஓரம் மங்காதவை. ‘ஜேபிஜி’ வடிவம் புகைப்படத்திற்கு ஏற்றது. குறியின் கூரிய ஓரங்களை அது மங்கச் செய்யும். வாட்ஸ்அப் மூலம் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுமாகையால், அச்சகத்துக்கு அனுப்புவோர் ‘டாக்குமெண்ட்’ ஆகவே அனுப்புதல் வேண்டும். திரையிலிருந்து படம்பிடித்து அதனை வெட்டி ஒட்டுவோர் பெரும்பாலும் வெற்று விளிம்பையும் சேர்த்து வெட்டிவிடுகின்றனர். பின்னணி இல்லாத படத்தை அனுப்பினால், கறுப்புத் திரை வைத்துள்ளவரின் கைப்பேசியில் விளிம்பு இருளோடு இருளாகிவிடும். வெள்ளைப் பின்னணியைப் படத்திலேயே சேர்த்துவிடுதல் இதற்குப் பரிகாரம்.

ஒருவர் தம் கைப்பேசியில் வந்த குறியை அதே கைப்பேசியின் காமிராவில் காட்ட இயலாதன்றோ? ஆகவே இணையத்தில் அனுப்பும் குறியின்கீழ் முகவரியை எழுத்தாகவும் தருதல் அவசியம். அச்சிலும் அப்படியே செய்தால், குறி கெட்டபின்னும் முகவரி மிஞ்சும்.

ஐந்தாம் விதி: முகவரி நம்முடையதாய் இருக்கவேண்டும்

இதுகாறும் கூறியது குறி தெளிவாயிருத்தலைப் பற்றியது. இனி, அது யாருடையது என்னும் இரண்டாவது இலக்கணத்தைக் கவனிப்போம்.

இணையத்தில் குறி அமைத்துத் தரும் தளங்களில் இரண்டு வகைக் குறிகள் கிடைக்கும். ஒன்று நிலைக்குறி, நாம் கொடுத்த முகவரியே அதனுள் இருக்கும். மற்றொன்று மாறும் குறி. அதனுள் இருப்பது குறி அமைத்துத் தந்தவரின் முகவரி. படிப்பவர் முதலில் அவருடைய தளத்திற்குச் சென்று, அங்கிருந்து நமது பக்கத்திற்கு அனுப்பப்படுவார். அச்சிட்டபின்னும் செல்லுமிடத்தை மாற்றலாம் என்பது இதன் அனுகூலம். சந்தாக்காலம் முடிந்தாலோ அத்தளம் மூடப்பட்டாலோ, அச்சிட்ட அத்தனை பைகளிலும் உள்ள குறி ஒரே நாளில் உயிரற்றுப் போகும் என்பது இதன் பிரதிகூலம். தன் கிணறு இருக்க அயலார் வாய்க்காலை நம்பிப் பயிர்செய்வது போன்றது இது. நிலைக்குறிக்குக் காலக்கெடு இல்லை; முகவரிக்குரிய பக்கம் உள்ளவரை அது படிக்கும். ஆகையால் நமக்கோ, நமது உற்பத்தியாளர் சங்கத்துக்கோ சொந்தமான தளத்தில் ஒரு பக்கம் அமைத்து, அதன் முகவரியை நிலைக்குறியாக அச்சிடுக. விவரங்களை மாற்ற நேர்ந்தால் அப்பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம், குறியைத் தொடவேண்டுவதில்லை.

குறியைப் பார்த்த மாத்திரத்தில் அது நல்லதா, பொய்யானதா என்று மனிதக் கண்ணால் கூற இயலாது என்பதையும் நினைவிற் கொள்க. ஒரு பையின் குறியை எவரும் நகலெடுத்து வேறு பையில் அச்சிடலாம். ஆகவே குறி இருப்பதே சான்றாகாது. அது அழைத்துச் செல்லும் இடமே சான்று. மத்திய அரசாங்கம் 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி தொடங்கிய ‘ஸாத்தி’ என்னும் விதைத் தடமறியும் ஏற்பாட்டின்படி, விதைப் பையிலுள்ள குறியைக் கொண்டு விதையின் வரலாற்றை அறியலாம். விதை வாங்குவோர் குறியைக் கண்டதுடன் திருப்தியடையாமல், படித்து, திரையில் தோன்றும் ரகமும் தொகுதி எண்ணும் பையிலுள்ள சீட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

பணக் குறியைப் பற்றிய எச்சரிக்கை

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குரிய குறியை நாமாக அலங்கரித்தல் தகாது. பாங்கியோ பணச் செயலியோ தந்தவாறே அச்சிடவேண்டும். முன்னே ஒவ்வொரு கம்பெனியும் தன் செயலிக்கு மட்டும் உரிய தனிக்குறி வைத்திருந்தது. ரிசர்வ் பாங்கு 2020-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவினால் புதிய தனிக்குறிகள் தடுக்கப்பட்டன. இருந்தவையும் 2022-ஆம் வருஷம் மார்ச் மாத முடிவுக்குள் எல்லாருக்கும் பொதுவான குறிக்கு மாறும்படி விதிக்கப்பட்டது. ஆதலால் ஒரு கடையில் ஒரு குறியே போதுமானது. பல குறிகளை அருகருகே ஒட்டினால் காமிரா எதனைப் படிப்பது என்று தடுமாறும்.

நமது குறியின்மேல் வேறொருவர் தம் குறியை ஒட்டிவிட்டால், வாங்குவோர் செலுத்தும் பணம் அவருக்குப் போய்ச்சேரும். நமக்கோ வாங்குவோருக்கோ உடனே தெரியாது. தினமும் காலையில் குறியை விரலால் தடவிப் பார்த்து, மேலே ஒட்டு ஏதுமில்லை என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பணம் செலுத்துவோர் திரையில் தோன்றும் பெயரைப் படித்தபின்னரே இரகசிய எண்ணை இடவேண்டும். பணம் பெறுவதற்கு எக்குறியையும் படிக்கவேண்டியதில்லை. இரகசிய எண்ணை இடவேண்டியதுமில்லை. ‘நெல்லுக்கு முன்பணம் அனுப்புகிறேன், இக்குறியைப் படித்து எண்ணை இடுங்கள்’ என்று ஒருவன் கேட்பானாகில், அவன் பணம் அனுப்ப வந்தவனல்லன். நமது பணத்தை எடுக்க வந்தவன்.

படிக்கப்படும் இடத்திலேயே சோதிக்க

மேற்கூறிய விதிகளையெல்லாம் அனுசரித்தும், சோதியாமல் மொத்தமாக அச்சிடுதல் ஆகாது. கணினித் திரை சுத்தமானது, தட்டையானது, ஒளியுள்ளது. பையோ அவ்வாறன்று. முதலில் பத்துப் பைகள் மாத்திரம் அச்சிட்டு வாங்குக. அவற்றை அரிசியால் நிரப்பி வாய் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்குக. பின்னர்ப் புதிய கைப்பேசி ஒன்று, நான்கைந்து வருஷம் பழகியது ஒன்று, விலை குறைந்தது ஒன்று ஆக மூன்றைக் கொண்டு படித்துப் பார்க்கவேண்டும். நடுப்பகல் வெயிலிலும், கடையின் உட்புறத்து மங்கிய விளக்கிலும் படிக்கவேண்டும். ஈரக் கையால் துடைத்தபின்னும், சிறிது புழுதி தேய்த்தபின்னும் படிக்கவேண்டும். மூன்று கைப்பேசிகளும் இரண்டு மூன்று நொடிக்குள் தயங்காமல் படித்தால் மட்டுமே மொத்த அச்சுக்குச் சம்மதம் தருக. ஒன்று தயங்கினாலும் கட்டத்தைப் பெரிதாக்குக, அல்லது செய்தியைச் சுருக்குக. பத்துப் பையின் செலவை வீண் என்று நினைப்பவர்கள், 500 பைகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிய மிராசுதாரை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் இதனோடு ஒரு சிறு பதிவேடும் வைத்துக்கொள்வது நன்று. எந்தக் குறி, எங்கே ஒட்டப்பட்டது, எந்த முகவரிக்குச் செல்கிறது, அத்தளத்தின் சாவிச்சொல் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது, கடைசியாகச் சோதித்த தேதி யாது என்னும் ஐந்து கலங்கள் அதில் இருந்தால் போதும். அதிகாரி மாற்றலாகிப் போனபின் குறி எங்கே செல்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் திகைக்கும் நிலைமை இதனால் தவிர்க்கப்படும். காலாவதியான திட்டத்தின் குறியைப் பலகையிலிருந்து கிழித்தெடுப்பதும் அவர்கள் கடமையே. கைப்பேசி இல்லாதவர்களுக்காக, குறியின் அருகில் விஷயத்தின் சாரத்தை நாலு வரித் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தலும் அவசியமாம்.

சுருக்கமாகக் கூறுமிடத்து, குறைவாக எழுதுதல், பெரிதாக அச்சிடுதல், விளிம்பு விடுதல், கறுப்பையும் வெள்ளையையும் கைவிடாதிருத்தல், சொந்த முகவரியை வைத்தல், படிக்கப்படும் இடத்திலேயே சோதித்தல் ஆகிய ஆறும் இவ்விஷயத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை. வாயினால் சொன்ன சொல்லைத் திருத்திக்கொள்ளலாம்; பையில் அச்சிட்ட குறியைத் திருப்பியழைக்க இயலாது. மேற்படி மிராசுதார் அடுத்த அறுவடைக்கு வெள்ளைச் சதுரத்தின்மேல் கறுப்பில், உள்ளங்கையளவு குறியிட்டுப் பைகளை அனுப்பினார். திருவொற்றியூர்க் கடைக்காரர் பையைக் கீழே இறக்குமுன்னரே அது படித்துவிட்டது. நல்ல விளைபொருளை உண்டாக்கும் குடியானவர்கள், அதன்மேல் இடும் குறியையும் அதே கவனத்தோடு அமைப்பார்களாயின், தங்கள் உழைப்பின் பெயர் வாங்குவோர் கையில் தவறாமல் போய்ச்சேரும் என்பது திண்ணம்.